பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசலாமா?

போன இதழில் புற்றுநோய் பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். மருந்து, ஸ்கேன், செலவு இவைதான் வரும் என்று பார்த்தால், வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேறு விஷயம். யாரிடம் பேசுவது, யாரிடம் வாயை மூடிக்கொள்வது, கூட இருந்தவர் போய்விட்டால் என்ன செய்வது. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே என்று வைத்துக்கொண்டேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன். நானும் இந்தச் சிகிச்சையை முடித்து வந்தவள்தான் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும், புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எனக்கு 46 வயது. இடது மார்பில் ஆபரேஷன் முடிந்து கீமோ போய்க்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரரும் பையனும் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் வாயைத் திறந்தால் "ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு" என்று முடித்துவிடுகிறார்கள். கீமோ ஏற்றும் இடத்தில் பக்கத்து நாற்காலியில் ஓர் அக்கா, பட்டுக்கோட்டைப் பக்கம், வயல் வேலைக்குப் போகிறவர். மருந்து இறங்கி முடிகிறவரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்கிறோம், சில நேரம் சிரிப்புச் சத்தம் கேட்டு நர்ஸ் எட்டிப் பார்க்கிறார். "எங்ககிட்ட பேசாததை அந்தம்மாகிட்ட அப்படி என்னதான் பேசுற?" என்று இவர் கேட்கிறார். குரலில் வருத்தம் தெரிகிறது. நான் நன்றி கெட்டவளா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லவே இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்லிப் பார்க்கிறேன், சரியா என்று பாருங்கள். அந்தச் சிவப்பு மருந்து ஏறிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போய் உயிரே நின்றுவிட்டது பற்றிப் பேசியிருப்பீர்கள். காப்பி குடித்தால் இரும்புக் கரண்டியைச் சப்பியதுபோல இருப்பது, ஆனால் மாங்காய் ஊறுகாய் மட்டும் இறங்குவது, வாய்ப்புண் வந்தபின் அதுவும் போய்விட்டது. முதல் கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் ஒருநாள் காலையில் தலையணையில் கொத்தாக முடி கிடந்தது. தலைமுடி போகும் என்று சொன்னார்கள் சரி, புருவமும் போகும் என்று யாராவது சொன்னார்களா? நகம் கறுத்தது. கடுகு தாளிக்கிற வாசனைக்கே குமட்டுவது. ஒரு பக்கம் தட்டையாகிவிட்ட ரவிக்கைக்குள் எதை வைத்துத் தைப்பது, அதை எந்தத் தையல்காரரிடம் எப்படிக் கேட்பது. அப்புறம் பணம். அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் வருகிற யோசனைகள்.

இதையெல்லாம் பையனிடம் சொன்னால் அவன் முகம் மாறும். உடனே நீங்கள் பேச்சை மாற்றி அவனைத் தேற்ற வேண்டும். நோய் வந்தவர் வீட்டில் செய்கிற வேலையில் பாதி இதுதான், மற்றவர்கள் பயந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. அந்த அக்காவிடம் அந்த வேலை கிடையாது. "பயமா இருக்குக்கா" என்றால் "எனக்குந்தான்" என்பார், அடுத்த நிமிஷமே இன்றைக்கு இட்லி இறங்கியதா என்று கேட்பார். அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்லவில்லை, கவனித்தீர்களா? அதனால்தான் ஆறுதலாக இருக்கிறது. (பார்க்க வருகிறவர்கள் கதை தனி. ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து உட்கார்ந்து "எங்க பெரியம்மாவுக்கும் இதேதான், பாவம், ஆறே மாசம்" என்று ஆரம்பிப்பவர்களை நான் ஒரு கட்டத்தில் வாசலிலேயே கண்டுபிடிக்கப் பழகிவிட்டேன்.)

அதே நோயைக் கண்டவரே இன்னொருவருக்குத் துணையாக நிற்கிற இந்த விஷயத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு ஒரு வேலையாகவே செய்தவர் நியூயார்க்கில் இருந்த டெரீஸ் லாசர் என்ற பெண்மணி. 1952-ல் அவருக்கு மார்பகத்தை முழுவதுமாக எடுத்தார்கள். கையை எப்படித் தூக்கிப் பழக வேண்டும், உடைக்குள் என்ன வைத்துக்கொள்வது, பழையபடி நடமாட எத்தனை நாளாகும் என்று சொல்ல ஆளில்லை. தானே தட்டுத்தடுமாறித் தேறி வந்தபின், ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் பெண்களைத் தேடித்தேடிப் போக ஆரம்பித்தார். கையில் ஒரு பை, அதில் பயிற்சிக்கு ரப்பர் பந்து, கயிறு, உடைக்குள் தற்காலிகமாக வைத்துக்கொள்ள ஒரு மெத்தென்ற திண்டு. பல சர்ஜன்களுக்கு இந்த அம்மாவைக் கண்டாலே ஆகாது, எனக்கும் என் நோயாளிக்கும் நடுவில் இவர் யார் என்று. ஆனாலும் 'ரீச் டு ரெகவரி' என்ற அவருடைய ஏற்பாட்டை 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே எடுத்து நடத்த ஆரம்பித்தது, அங்கிருந்து பல நாடுகளுக்கும் போனது. அவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. அதே ஆபரேஷன் ஆகி, எழுந்து நடந்து வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்பதுதான் அவருடைய தகுதி.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. நீங்களும் அந்த அக்காவும் ஒரே ஊரில் இருந்திருந்தால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் தயிர்சாதம் சாப்பிட்டிருப்பீர்களா? எனக்குச் சந்தேகம்தான். யார் வீட்டுப் பெண், எந்தத் தெரு, எந்த ஆட்கள் என்பதெல்லாம் முதலில் வந்து நின்றிருக்கும். கீமோ வார்டில் அதைக் கேட்க யாருக்கும் தெம்பு இருப்பதில்லை. ஆனால் பண விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். அவரிடம் இல்லாதது உங்களிடம் இருக்கலாம், உதவி செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் உதவி செய்கிற அம்மாவாக மாறிவிட்டால் அப்புறம் அவர் உங்களிடம் இப்படிச் சிரிக்க மாட்டார்.

வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருவோம். அடுத்த கீமோவுக்கு அவரை உள்ளே கூப்பிட்டு (விடுவார்கள் என்றால்) அந்த அக்காவுக்கு அறிமுகம் செய்துவையுங்கள், ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து கேட்கட்டும், மர்மம் தீர்ந்துவிடும். அவருக்கென்று ஒரு வேலையும் கொடுங்கள். டாக்டர் அனுமதித்தபின் சுவரில் விரல்களால் ஏறிக் கையை உயர்த்துகிற பயிற்சி சொல்லித் தருவார்கள் இல்லையா, எட்டின இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவது அவர் பொறுப்பு. "தைரியமா இரு" என்பதற்குப் பதில் "இன்னிக்கு எது வரைக்கும் வந்துச்சு?" என்று கேட்கப் பழகிக்கொள்வார்.

கேள்வி: புற்றுநோயாளிகள் குழுவாகச் சேர்ந்து பேசினால் ஆயுள் கூடும் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? என் மனைவிக்குக் கூட்டம் என்றாலே பிடிக்காது. கட்டாயப்படுத்தியாவது அனுப்பட்டுமா?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் நண்பர் எங்கிருந்து பிடித்தார் என்று தெரிகிறது. 1989-ல் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மார்பகப் புற்றுநோய் உடம்பின் மற்ற இடங்களுக்கும் பரவிவிட்ட 86 பெண்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ஓர் ஆண்டு வாராவாரம் கூடி உட்கார்ந்து மனம் விட்டுப் பேசினார்கள், மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். பின்னால் கணக்குப் பார்த்தால் பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதம், மற்றவர்கள் 18.9 மாதம். உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை, அந்தப் பாதிதான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கனடாவில் 235 பெண்களை வைத்து இதைத் திரும்பச் செய்து பார்த்து 2001-ல் வெளியிட்டார்கள். ஆயுள் கூடவில்லை. ஸ்பீகலே மறுபடி செய்து 2007-ல் சொன்னதும் ஏறக்குறைய அதுதான், மொத்தத்தில் ஆயுள் நீளவில்லை.

ஆனால் அந்தக் கனடா ஆய்விலேயே இன்னொரு முடிவு இருக்கிறது. குழுவில் இருந்தவர்களுக்கு வலி குறைவாகத் தெரிந்தது, மனப்பாரமும் குறைந்தது, அதிலும் ஆரம்பத்தில் ரொம்ப உடைந்துபோயிருந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். எனக்கு அதுவே போதும். ஆயுளைக் காட்டி ஒருவரைக் குழுவுக்கு இழுத்துப் போவது எனக்குப் பிடிக்காத விஷயம், நாளைக்கு நோய் திரும்பினால் "நான் சரியாகப் பேசவில்லையோ" என்று அவர் தன்னையே குறை சொல்லிக்கொள்வார். உங்கள் மனைவிக்குக் கூட்டம் பிடிக்காதா, விட்டுவிடுங்கள். இருபது பேர் எதற்கு? அதே சிகிச்சை முடித்த ஒரே ஒரு பெண்மணியின் போன் நம்பரை மேஜையில் வைத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். தோன்றினால் கூப்பிடுவார்.

கேள்வி: அப்பாவுக்குக் குரல்வளையில் புற்று வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் இருக்கும் ஓட்டை வழியாகத்தான் மூச்சு. வாழைக்காய் மண்டியில் ஏலம் கூறியவர், மண்டி முழுக்க அவர் குரல் கேட்கும். இப்போது சிலேட்டில்கூட எழுத மாட்டேன் என்கிறார், துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். நாங்கள் பேசிப் பார்த்துவிட்டோம், சித்தப்பா பேசிப் பார்த்துவிட்டார்.
வாசகர், திருநெல்வேலி

பதில்: பேசுகிறவர்கள் எல்லோருக்கும் குரல் இருக்கிறது, அதுதான் அவருக்கு ஆத்திரம். குரல் இருப்பவர்கள் யார் போய் என்ன சொன்னாலும் அவருக்கு ஏறாது. அவருக்கு வேண்டியது அதே ஓட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்குகிற ஓர் ஆள்.

குரல்வளை எடுத்தபிறகும் பேச வழிகள் உண்டு, டாக்டர் சொல்லியிருப்பார். காற்றை உணவுக்குழாய்க்குள் வாங்கி ஏப்பம்போல வெளியே விட்டு அதையே பேச்சாக்குவது ஒன்று, அதற்குப் பொறுமையும் பயிற்சியும் வேண்டும். கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிர்வு கொடுக்கிற சின்னக் கருவி இன்னொன்று, குரல் இயந்திரம்போல வரும். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் ஒரு வால்வு பொருத்திவிட்டால் ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு பேசலாம். இவற்றில் அப்பாவுக்கு எது சரி என்பதை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும்தான் சொல்ல வேண்டும். ஆனால் இந்த மூன்றையும் தாளில் படம் போட்டுக் காட்டுவதற்கும், எதிரில் ஒருவர் சட்டைப் பட்டனைக் கழற்றி, துணியை விலக்கி, விரலை வைத்து, கரகரவென்று "சாப்ட்டீங்களாண்ணே" என்று கேட்பதற்கும் உள்ள தூரம் பெரிது. குளிக்கும்போது தண்ணீர் உள்ளே போகாமல் எப்படிப் பார்ப்பது, சளி வந்தால் நாலு பேர் நடுவில் என்ன செய்வது, வாசனையே சரியாகத் தெரியாமல் மீன்குழம்பை எப்படி ரசிப்பது, இதெல்லாம் அவர்களுக்குள் நடக்கிற பேச்சு. குரல்வளை இழந்தவர்கள் தங்களுக்குள் கிளப் வைத்துக்கொண்டு புதியவர்களுக்குப் பேசச் சொல்லித்தருவது பழைய வழக்கம், அந்தக் கிளப்புகளெல்லாம் சேர்ந்து அமெரிக்காவில் 1952-லேயே ஒரு சர்வதேசச் சங்கம் அமைத்துவிட்டன.

ஆபரேஷன் நடந்த இடத்தில் மருத்துவ சமூகப் பணியாளரையோ பேச்சுப் பயிற்சியாளரையோ பார்த்து, "இதே ஆபரேஷன் ஆகி ஓரளவு பேசுகிற ஒருவரை அறிமுகப்படுத்த முடியுமா, அவருக்குச் சம்மதம் இருந்தால்" என்று கேளுங்கள். முடிந்தால் வியாபாரத்தில் இருப்பவராகவோ வயது ஒத்தவராகவோ பார்க்கச் சொல்லுங்கள், அது நோயைவிட வேகமாக ஒட்டவைக்கும். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், திடீரென்று கொண்டுவந்து நிறுத்தினால் கோபம் வரும். வந்தவருக்கு டீயைக் கொடுத்துவிட்டு நீங்கள் எல்லோரும் வீட்டைவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போங்கள். ஆண்கள் பக்கத்தில் குடும்பம் நின்றால் பேச மாட்டார்கள். முதல் நாள் ஒன்றும் நடக்காமல் போகலாம். இரண்டாவது முறையும் கூப்பிடுங்கள்.

அதற்குப் பிறகும் சாப்பாடு, தூக்கம் இல்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் மனநல மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: அம்மா கொழும்புக்குக் கிட்ட மகரகம ஆஸ்பத்திரியில் வார்டில் இருந்த காலத்தில் பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்கள அம்மா இருந்தவ. அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, அவவுக்குத் தமிழ் தெரியாது. எப்படித்தான் கதைத்தார்களோ, இரண்டு பேரும் அப்படி ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். இப்ப அம்மாவுக்கு இங்கே யாழ்ப்பாணப் பக்கம் தெல்லிப்பழையில் தொடர் சிகிச்சை. போன கிழமை அந்த அம்மாவின் மகள் எனக்கு எடுத்து, தாய் தவறிவிட்டதாகச் சொன்னா. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்லலாமா?
வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: சொல்லுங்கள். இன்றைக்கே என்று இல்லை, அடுத்த மருந்து ஏற்றுகிற நாளுக்கு முந்தின நாளும் வேண்டாம், உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிற ஒரு பகல் வேளையில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். மறைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அம்மா ஒருநாள் அந்த வீட்டுக்குப் போன் போடச் சொல்வார், நீங்கள் ஒரு பொய், அடுத்த முறை இன்னொரு பொய், கடைசியில் தெரியவரும்போது "அப்ப என்ர நிலைமையையும் இவள் மறைக்கிறாளோ" என்றுதான் நினைப்பார். அந்தச் சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் நீங்கள் கொண்டுவருகிற எந்த நல்ல ரிப்போர்ட்டையும் அவர் நம்பமாட்டார்.

அழுவார், அழட்டும். அதற்குப் பின்னால் கேட்காத கேள்வி ஒன்று நிற்கும், அடுத்தது நானா என்று. அதற்கு நீங்களாக "உங்களுக்கு ஒண்டும் வராது" என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே வார்டு, ஆனால் ஒரே நோய் இல்லை. எந்த இடத்தில் வந்தது, எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தார்கள், மருந்துக்கு எப்படிக் கேட்டது, எல்லாம் வேறு. அம்மாவின் நிலை என்ன என்பதை அடுத்த கிளினிக்கில் அவருடைய டாக்டரே அவரிடம் நேரடியாகச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட இருந்தவர் போவது என்பது இந்தச் சிநேகிதத்தில் வரத்தான் செய்யும். எனக்கும் நடந்திருக்கிறது. அதற்காகப் பழகாமல் இருந்திருக்கலாம் என்று எனக்கு இதுவரை தோன்றியதில்லை, ஆனால் சிலருக்குத் தோன்றும், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அம்மா விரும்பினால் அந்த மகளோடு பேச வையுங்கள், நடுவில் யாராவது மொழிபெயர்த்துச் சொல்லலாம், சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, முன்பு சமாளித்தவர்தானே. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியே அப்படி வந்ததுதான். 2011-ல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் சனங்கள் நடந்து, சிங்களவர் தமிழர் எல்லோருமாகச் சேர்த்த காசில் எழுந்து 2013-ல் திறந்த கட்டடம் அது. அம்மாவுக்கு அது தெரிந்திருக்கும்.

கேள்வி: கீமோ வார்டில் பழக்கமான தோழி "முள் சீத்தாவும் பப்பாளி இலையும் போதும், ஊசியெல்லாம் வேண்டாம்" என்கிறார். அவருக்குச் சரியாகிவிட்டதாம்.
வாசகி, வேலூர்

பதில்: ஊசியை நிறுத்தாதீர்கள். தோழியிடம் மனத்தைப் பகிரலாம், ரவிக்கை அளவைப் பகிரலாம், மருந்தைப் பகிரக்கூடாது. இரண்டு பேருக்கும் மார்பகப் புற்றுநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒருவருக்கு ஹார்மோனுக்குக் கட்டுப்படுகிற வகை, ஐந்து முதல் பத்து வருடம் மாத்திரை, இன்னொருவருக்கு ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கிற வகை, அதற்கு வேறு ஊசி, மூன்றாமவருக்கு இரண்டுமே இல்லை. அந்தத் தோழிக்குச் சரியானது அவர் கீமோ வார்டுக்கு வந்துகொண்டிருப்பதால் என்பதை அவரே மறந்துவிட்டார் போலிருக்கிறது. இலை, கஷாயம் எது எடுத்தாலும் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், ஈரலைக் கெடுப்பவையும் மருந்தோடு மோதுபவையும் அவற்றில் உண்டு. சண்டை போடவும் வேண்டாம், "எங்க டாக்டர் திட்டுவாருக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள்.

கேள்வி: எல்லோரும் நோயாளியைப் பற்றியே கேட்கிறார்கள். மனைவியை வைத்துக்கொண்டு இரண்டு வருடமாகச் சென்னைக்கும் ஊருக்கும் அலைகிற எனக்கு யார்?
வாசகர், மதுரை

பதில்: வெளியே பெஞ்சில் உங்களைப் போலவே கையில் ஃபைலோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர். நோயாளிகள் உள்ளே பேசிக்கொள்கிறார்கள், வெளியே இருக்கும் நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், அதுதான் வித்தியாசம். "எந்த ஊருங்க?" என்று ஆரம்பியுங்கள். எந்த லாட்ஜில் அடுப்பு வைத்துக் கஞ்சி காய்ச்ச விடுவார்கள், எந்தக் கவுன்டரில் எத்தனை மணிக்கு டோக்கன், காப்பீட்டு அட்டைக்கு எந்தத் தாள் விட்டுப்போனால் திருப்பி அனுப்புவார்கள் என்பதெல்லாம் அந்தப் பெஞ்சில்தான் கிடைக்கும். ரயில் சலுகை உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ: சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகிற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் கிடையாது, கூடப் போகிறவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் சான்றிதழ் வாங்கி டிக்கெட் கவுன்டரில் கொடுக்க வேண்டும்.

கூட இருந்து பார்த்தவர்களின் வேதனையும் சும்மா போவதில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விடாமல் அலைந்து நிதி சேர்த்துத்தான் 1954-ல் அடையாறில் 12 கட்டில்களோடு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. உங்களை ஆஸ்பத்திரி கட்டச் சொல்லவில்லை. மாதத்தில் ஒருநாள் மைத்துனரையோ மச்சினியையோ கூட அனுப்பிவிட்டு வீட்டில் தூங்குங்கள், மனைவி கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: எனக்குச் சிகிச்சை முடிந்து மூன்று வருடம் ஆகிறது. புதிதாக வருகிறவர்களுக்குத் துணையாக இருக்க ஆசை. எப்படி ஆரம்பிப்பது?
வாசகி, சேலம்

பதில்: போனதும் உங்கள் கதையை எடுக்காதீர்கள், அவர் கேட்டால் சொல்லுங்கள், கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள். எனக்கு எட்டு கீமோ உனக்கு நாலுதானா என்ற கணக்கு வேண்டாம். சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருக்கலாம். அவர் பெயரையும் நோயையும் வெளியே யாரிடமும், உங்கள் வீட்டிலும்கூட, சொல்லக்கூடாது. உங்களுக்கு ஸ்கேன், செக்கப் வருகிற வாரத்தில் யாரையும் பார்க்கப் போகாதீர்கள், அந்த வாரம் உங்கள் முகமே சரியாக இருக்காது. போன் நம்பரை இங்கே போடச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள், போடவில்லை, பத்திரிகை வழியாக வேண்டாம். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவிலோ நீங்கள் சிகிச்சை எடுத்த இடத்திலோ மருத்துவ சமூகப் பணியாளர் இருப்பார், அவரிடம் போய்ப் பெயரைக் கொடுங்கள். எந்தச் சிகிச்சை எடுத்தீர்கள், எந்த ஆண்டு, என்ன வயது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், யாருக்கு உங்களைக் காட்டுவது என்று பார்க்க அவருக்கு வசதியாக இருக்கும்.